ஒரு வகுப்பும் விட மாட்டேன், மேடம்

அமெரிக்க அரசாங்கத்துக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த பதில்கள் மொத்தம் மூன்று. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் சென்னையில் விசா நேர்காணலுக்குப் போவதற்கு முந்தைய வாரம், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ் வைத்திருந்த கன்சல்டன்சிக்காரர் அவற்றை எனக்கு உருப்போட வைத்தார். எதற்குப் போகிறாய்? படிக்க மட்டும். அங்கே வேலை பார்ப்பாயா? மாட்டேன், படிப்புதான் முக்கியம். படித்து முடித்ததும்? ஊருக்குத் திரும்பிவிடுவேன். மூன்றாவது பதிலின் லட்சணத்தை நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் என் வீட்டு கராஜில் நிற்கும் இரண்டு கார்களும் ஒரு புல்வெட்டும் மெஷினும் சொல்லும். முதல் இரண்டு மட்டும் நாக்கிலேயே தங்கிவிட்டன. யாராவது அதிகாரக் குரலில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் போதும், தும்மல் மாதிரி தாமாகவே வெளியே வந்துவிடும். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

போன ஜூன் மாதம் என் வேலை போயிற்று. பதினாறு வருடம் ஒரே கம்பெனி. செவ்வாய்க்கிழமை காலையில் பதினைந்து நிமிட மீட்டிங் என்று அழைப்பு வந்தது. பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மீதி நான்கு நிமிடமும் திரையில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை எனக்கு நானே ஏதாவது ஆறுதல் சொல்வேனோ என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

என் மனைவி ஒரு மருந்துக் கடையில் அரை நாள் வேலை பார்க்கிறாள். அந்தச் சம்பளத்தில் மளிகை ஓடும். வீட்டுக் கடன் தவணையும் மருத்துவக் காப்பீடும் ஓடாது. ஆகவே வேலையில்லாதவர்களுக்கு மாநில அரசு வாரா வாரம் கொடுக்கும் உதவித் தொகைக்கு விண்ணப்பித்தேன். இத்தனை வருடம் சம்பளத்தில் பிடித்தார்களே, அதுதானே திரும்பி வருகிறது என்று மனைவியிடம் வீரமாகச் சொன்னேன். அவளோ கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் "இப்போ கன்சல்டிங் பண்றாரு" என்று சொல்லி வைத்திருந்தாள். பொய் என்று சொல்ல முடியாது. தினமும் ஃபிரிட்ஜைத் திறந்து, அடுத்து என்ன என்று நான் கன்சல்ட் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கோடை முழுக்க வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். போட்டதையெல்லாம் மெஷின் படித்து, மெஷினே பதில் எழுதிற்று. மனிதக் கைபட்ட ஒரு நிராகரிப்புக் கடிதத்துக்காக ஏங்குகிற நிலைக்கு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாவட்டத்து அரசுக் கல்லூரியான கவுண்டி காலேஜில் பகுதி நேரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். செவ்வாய், வியாழன் காலை பத்து முதல் ஒரு மணி வரை. பாடம், வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸையும் குளிர்விக்கும் ஏசியையும் பழுது பார்ப்பது.

"ஏங்க, எம்.எஸ். படிச்சிட்டு ஃபர்னஸ் ரிப்பேரா?" என்றாள் மனைவி.

"இதுல பாஸானாத்தான் ஏசி தொட விடுவாங்களாம்."

அவள் சிரிக்கவில்லை. நியாயம்தான். ஆனால் அந்தப் படிப்பின் லேபில் எனக்கு நடந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஆசிரியர் ஒரு ஃபர்னஸைக் காட்டினார். பற்றிக்கொள்கிறது, ஐந்து விநாடியில் அணைந்துவிடுகிறது. மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. தீ எரிகிறதா என்று பார்ப்பதற்கென்று உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கம்பி இருக்கிறது. அதில் கரி படிந்துவிட்டால், கண்ணெதிரே எரிகிற தீயை அது நம்பாது, வாயுவை அடைத்துவிடும். கழற்றி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மாட்டினேன். நீல நிறத்தில் வரிசையாகத் தீ எழுந்தது, அப்படியே நின்றது. பதினாறு வருடம் நான் எழுதிய மென்பொருளில் எதுவும் அப்படி நின்றதில்லை. ஒன்றைச் சரி செய்தால் இரண்டு உடையும், அதற்காகவே எங்களை வைத்திருந்தார்கள். அன்று காரில் திரும்பும்போது ஸ்டீயரிங்கில் தாளம் போட்டேன். வேலை போன பிறகு அதுதான் முதல் தடவை.

உதவித் தொகை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். போன வாரம் வேலை செய்தாயா, உடம்பு சரியாக இருந்ததா, வேலை தேடினாயா என்று வரிசையாகக் கேட்கும். பள்ளி, கல்லூரி ஏதாவது போனாயா என்பதும் அதில் ஒரு கேள்வி. செப்டம்பரில் வகுப்பு தொடங்கிய வாரம் 'ஆம்' என்று போட்டேன். அதுவரை ஒழுங்காக வந்த பணம் அந்த வாரம் நின்றது. 'பரிசீலனையில்' என்று ஒரு சொல் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நாளில், இன்ன தேதியில் ஓர் அதிகாரி தொலைபேசியில் பேசுவார் என்று தகவல் வந்தது.

அந்தப் பெண்மணி மிக இனிமையாகப் பேசினார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்று கேட்டார். ஆறு என்றேன். பகலிலா என்றார். ஆமாம் என்றேன். பணம் கட்டியாயிற்றா, புத்தகம் வாங்கியாயிற்றா என்று விசாரித்தார். என்னுடைய முன்னேற்றத்தில் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு கேட்டார்:

"வகுப்பு நேரத்திலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை உங்களுக்குக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?"

என் மூளை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. விசா கவுன்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலக் கண்ணோடு ஓர் ஆள், இந்தப் பக்கம் கையில் ஃபைலோடு இருபத்து மூன்று வயது நான். மாடிப்படிக்குக் கீழே இருந்தவர் என் காதில், "தயங்காத, கண்ணப் பாத்துச் சொல்லு" என்றார். தயங்காமல் சொன்னேன்.

"படிப்புதான் முக்கியம். ஒரு வகுப்பும் விட மாட்டேன், மேடம்."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் சேர்க்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். முதல் தேர்வில் தொண்ணூற்று நான்கு வாங்கியதைச் சேர்த்தேன். இதுவரை ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை என்பதையும் அவர் கேட்காமலே சேர்த்தேன். வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். நான் சமையலறைக்குப் போய், "பிரமாதமாப் போச்சு. அந்த அம்மாவுக்கு நம்மள ரொம்பப் பிடிச்சிருச்சு" என்றேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. வகுப்பு தொடங்கிய வாரத்திலிருந்து எனக்கு உதவித் தொகைக்குத் தகுதி இல்லை. காரணம், நான் வேலைக்குத் தயாராக இல்லை. ஆதாரம், என் வாக்குமூலம். என்னுடைய வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். மேற்கோள் காட்டும் அளவுக்கு நான் எதையும் சொன்னது அதற்கு முன் கிடையாது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பின் தெருவில் இருக்கும் நண்பரிடம் போனேன். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், இரண்டு முறை வேலை போனவர், அந்த வகையில் எங்கள் வட்டாரத்துக்கே சீனியர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். படிவத்தில் 'ஆம்' என்று போட்டது சரிதான், அதை மறைத்திருந்தால்தான் வம்பு என்றார். பிறகு மேற்கோளுக்கு வந்தார்.

"ஏனுங்க, நீங்க காசு கேட்டுப் போனீங்களா, காலேஜ் சீட்டு கேட்டுப் போனீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"நாளைக்குக் கூப்பிட்டா நாளைக்கே ஓடியாற ஆளுக்குத்தானுங்க அந்தக் காசு. அவங்ககிட்டயே போயி, கூப்பிட்டாலும் வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. அதுல மார்க்கு வேற."

மேல்முறையீடு செய்யலாம் என்று அவர்தான் வழி சொன்னார். செய்தேன். விசாரணை எப்போது என்று தெரிய மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை ஞாயிறுதோறும் படிவத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், பணம் மட்டும் வராது. சேமிப்பிலிருந்து தவணை கட்டினோம். மனைவி முழு நாள் வேலை கேட்டுப் பார்த்தாள். ஜனவரிக்கு முன் இல்லை என்றார்கள். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு ஜோக்காவது அடித்திருப்பேன்.

அந்த வாரங்களில் என்னை நானே கேட்டுக்கொண்டேன், உண்மையிலேயே வேலை வந்தால் வகுப்பை விடுவேனா? விடுவேன், சந்தேகமே இல்லை, செருப்புகூடப் போடாமல் ஓடுவேன் என்று திங்கட்கிழமை தோன்றும். செவ்வாய்க்கிழமை லேபில் அந்தக் கம்பியைத் தேய்க்கும்போது அவ்வளவு நிச்சயமாகத் தோன்றாது. நான் எதைச் சொன்னாலும் வாரத்தில் பாதி நாள் அது பொய்யாக இருந்தது.

என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். பள்ளியில் மாதிரி நீதிமன்றப் போட்டிக் குழுவில் இருக்கிறாள். என்னைத் தயார் செய்யும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, வேலை கிடைத்தால் வகுப்பை விடுவீர்களா என்று கேட்டாள்.

"விடுவேன். ஆனா..."

"நோ ஆனா, அப்பா."

"சரி. விடுவேன், இருந்தாலும்..."

"அதுவும் ஆனாதான். ஜஸ்ட் சே யெஸ் அண்ட் ஸ்டாப் டாக்கிங்."

நிறுத்துவதுதான் எனக்கு வரவில்லை. ஒரு வாரப் பயிற்சிக்குப் பிறகு 'யெஸ்' சொல்லிவிட்டு உதட்டை மடித்துக் கடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். அவள் அம்மாவைப் பார்த்து, "ஹி மைட் சர்வைவ்" என்றாள். இதே பெண் செப்டம்பரில் கெமிஸ்ட்ரி கஷ்டமாக இருக்கிறது, விட்டுவிடட்டுமா என்று கேட்டபோது, எடுத்த படிப்பைப் பாதியில் விடுவது நம் குடும்பத்திலேயே கிடையாது என்று நான் முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். அதை அவள் குறிப்பிடவில்லை. வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

டிசம்பர் முதல் வாரம் விசாரணைத் தேதி வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தரை மணி, தொலைபேசியில். அதே வியாழன் காலை பத்து மணிக்கு லேபில் இறுதிச் செய்முறைத் தேர்வு. பழுதான ஃபர்னஸ் ஒன்றைக் கொடுப்பார்கள், கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் பாதி அதற்கு. உள்ளே போனால் போனை ஒப்படைத்துவிட வேண்டும், எல்லோரும் முடிக்கும் வரை வெளியே வர முடியாது.

முதலில் ஆசிரியரிடம் போனேன். முப்பது வருடம் மற்றவர்கள் வீட்டுப் பேஸ்மென்ட்களில் மண்டியிட்டே முட்டி தேய்ந்த மனிதர். பொறுமையாகக் கேட்டார். தேர்வை யாருக்கும் மாற்றுவதில்லை என்றார். போன வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டும் ஒரு பெண், தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை, அவருக்கும் பூஜ்யம்தான் போட்டேன், இப்போது உனக்கு மாற்றினால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

சரி, விசாரணையைத் தள்ளி வைக்கக் கேட்போம் என்று மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஐம்பது நிமிடம் ஒரே பியானோ இசை. அதற்குள் கொஞ்சம் பழகி, கூடவே பாடவும் ஆரம்பித்திருந்தேன். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. விசாரணையை ஒத்தி வைக்க வேண்டும் என்றேன். காரணம் என்ன என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். 'அந்த நேரத்தில் எனக்கு வகுப்பு இருக்கிறது' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வகுப்புக்காக எதையும் விடுகிற ஆள் நான் இல்லை என்பதை நிரூபிக்கத்தான் அந்த விசாரணையே. "ஹலோ, காரணம்?" என்று மறுபடி கேட்டார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐம்பது நிமிடம் காத்திருந்து ராங் நம்பர் சொன்னவன் நியூ ஜெர்சியில் நானாகத்தான் இருப்பேன்.

மனைவியிடம் சொன்னேன். எதை விடுவது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தவணைக்குத் தேர்வைப் பற்றிக் கவலை கிடையாது. "பரீட்சை அடுத்த தடவை எழுதிக்கலாம்ங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை பழக்க தோஷத்தில் காலை ஒன்பதே முக்காலுக்குக் காலேஜ் பார்க்கிங்கில் போய் நின்றேன். வீட்டில் இருந்தே பேசியிருக்கலாம். ஒருவேளை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் ஓடிப்போய்த் தேர்வு எழுதிவிடலாம் என்று ஒரு நப்பாசை. லேப் இருக்கும் கட்டிடத்துக்கு நேர் எதிரே காரை நிறுத்திக்கொண்டேன்.

பத்தரைக்கு அழைப்பு வந்தது. மெதுவாகப் பேசும் ஓர் ஆண் குரல். வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுக்கச் சொன்னார். காருக்குள் தனியாக உட்கார்ந்து கையை உயர்த்தினேன். எதிரே நடந்து போன ஒரு மாணவி எனக்குக் கையசைத்துவிட்டுப் போனாள்.

பெயர், விலாசம், வேலை போன விவரம் எல்லாம் கேட்டார். பிறகு என் வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதானா? ஆம். அது உண்மையா? உண்மை என்றால் பணம் இல்லை. பொய் என்றால் அரசாங்கத்திடம் பொய் சொன்னவன். மகள் இந்தக் கேள்விக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. நான் விசா நேர்காணல், கன்சல்டன்சிக்காரர், மாடிப்படி என்று ஆரம்பித்தேன். மூன்று நிமிடம் கேட்டுவிட்டு, உங்கள் விசா குறித்து இங்கே விசாரணை இல்லை என்றார்.

அப்புறம் கேட்டார், வகுப்பு நேரத்தில் வேலை கிடைத்தால் வகுப்பை விடுவீர்களா? யெஸ் என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். சும்மா ஒரு சந்தேகத்துக்குக் கேட்பது போல, இப்போது எங்கே இருக்கிறீர்கள், சத்தமாக இருக்கிறதே என்றார்.

"காலேஜ் பார்க்கிங்கில், சார்."

"ஏன்?"

"இப்போது எனக்கு இறுதித் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது."

"நீங்கள் எழுதவில்லையா?"

"இல்லை, சார். நான் உங்களோடு இருக்கிறேன்."

தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் வெகு நேரம் கேட்டது. தேர்வைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். பூஜ்யம் என்றேன். இன்னும் என்னென்னவோ கேட்டார், எங்கெல்லாம் விண்ணப்பித்தேன், யார் பதில் சொன்னார்கள் என்று. அவர் வைத்தபோது பதினொன்றேகால்.

ஓடினேன். நாற்பத்தைந்து வயதுக்கு ஓட்டம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். லேபில் எல்லோரும் முடித்துப் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் மதிப்பெண் தாளில் என் பெயருக்கு எதிரே ஏற்கெனவே பூஜ்யம் எழுதியிருந்தார். என்னைப் பார்த்தார். மார்க் கிடையாது, வேண்டுமானால் செய்து பார் என்று மூலையில் இருந்த ஃபர்னஸைக் காட்டினார். பழுது ஒன்பது நிமிடத்தில் பிடிபட்டது. புகை வெளியேறும் குழாயில் பழந்துணியைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார். எடுத்துப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினேன். தீ வரிசையாக எழுந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தாளைப் பையில் வைத்து ஜிப்பை மூடினார்.

முடிவு இரண்டு வாரத்தில் தபாலில் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். முக்கியமான தேர்வையே விட்டுவிட்டு விசாரணைக்கு வந்தவர் வேலைக்காகவும் வகுப்பை விடுவார் என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எனவே விசாரணை நடந்த வாரத்திலிருந்து தகுதி உண்டு. அதற்கு முந்தைய வாரங்களுக்கு இல்லை. ஏனெனில் செப்டம்பரில் நான் சொன்ன பதில் தயக்கமில்லாமல் சொல்லப்பட்டது, நம்பத் தகுந்தது. அந்த அம்மாவுக்கு என்னை உண்மையிலேயே பிடித்திருந்திருக்கிறது.

"ஸோ வி வன்?" என்று மகள் கேட்டாள். விசாரணை நடந்த வாரத்தோடு செமஸ்டர் முடிந்துவிட்டது. வகுப்பே இல்லாதவனுக்கு அவர்கள் எப்படியும் கொடுக்கத்தான் வேண்டும். மூன்று மாதத்தை விட்டுக்கொடுத்து, தேர்வையும் விட்டுக்கொடுத்து, நான் ஜெயித்தது ஒரே ஒரு வாரம். இதை அவளிடம் விளக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். நிறுத்தத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறாளே.

பணம் மறுபடி வர ஆரம்பித்தது. தவணை போயிற்று. வேலை இன்னும் வரவில்லை. காலேஜிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தேறாத பாடத்தை வரும் செமஸ்டரில் திரும்ப எடுக்கலாம், அதே செவ்வாய், வியாழன், காலை பத்து மணி. பதிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மனைவி குக்கரை அடுப்பில் ஏற்றிக்கொண்டே, "திரும்பச் சேரப் போறீங்களா?" என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் எந்தப் பதிலுக்கு எவ்வளவு தண்டனை என்று எழுதியிருக்கவில்லை. சேர்வேன் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் படிவத்தில் 'ஆம்' போட வேண்டும், மறுபடி பரிசீலனை, மறுபடி ஒரு குரல். சேரவில்லை என்றால் காலை பத்து மணிக்கு நான் எங்கே போய் நிற்பது?

"கேக்குறது நீயா, அவங்களா?" என்றேன்.

"நான்தாங்க."

"அப்போ தெரியல."

அவள் கேஸைச் சின்னதாக்கினாள். "அவங்க போன் பண்ணா இதையும் சொல்லி வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு, வேலைக்குக் கிளம்ப மாடிக்குப் போனாள். நான் லேப்டாப்பில் பதிவுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் முதல் விசில் வந்தது, இரண்டாவது வந்தது. எத்தனை விசிலில் அணைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.